பதினைந்து அங்குல நடைவழி

தம்பி, முதலில் உங்கள் இடுப்பளவைச் சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம், நான் தையற்கடை நடத்தவில்லை. முப்பத்திரண்டா? மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொல்லுகிறீர்களா, விட்டுவிட்டுச் சொல்லுகிறீர்களா? விட்டுவிட்டுத்தானே? நல்லது. உட்காருங்கள்.

மொட்டைமாடிச் சாவிக்காக வந்திருக்கிறீர்கள், தெரியும். மூன்றாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறீர்கள், சாவி சங்கச் செயலாளரிடம் இருக்கிறது, செயலாளர் நான். தருகிறேன். ஆனால் ஆறு மணிக்குத்தான் தருவேன். இன்னும் சற்று நேரத்தில் இந்த வீட்டில் போக்குவரத்து தொடங்கிவிடும். தொடங்கிவிட்டால் அறையை விட்டு என்னால் வெளியே வர இயலாது. அதுமட்டுமன்று, நடைவழியில் நிற்பதற்கு இன்று ஓர் ஆள் தேவைப்படுகிறது. முப்பத்திரண்டு அங்குலம் உள்ள ஆள் தானாகக் கதவைத் தட்டினால் நான் விடுவதாக இல்லை.

அதோ, அந்த மூடிய கதவுக்குப் பின்னால் ஒன்பதடிக்குப் பன்னிரண்டடி அறை. அதற்குள் ஒரு ரயில்வே இருக்கிறது. சிரிக்காதீர்கள். உண்மை வண்டியின் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில் எஞ்சின், பெட்டி, தண்டவாளம், சிக்னல், தடம் மாற்றும் பாயிண்ட், பிளாட்பாரம், அத்தனையும் உண்டு. பொம்மை என்ற சொல்லை இந்த வீட்டில் யாரும் பயன்படுத்துவதில்லை, நீங்களும் பயன்படுத்தாதிருங்கள். எனக்கு அதில் தனிப்பட்ட ஈடுபாடு எதுவும் கிடையாது. இதைத் தொடக்கத்திலேயே தெளிவாக்கிவிடுகிறேன். முப்பத்தோராண்டு கணிதம் கற்பித்தவள் நான். அதில் ஒன்பதாண்டு தலைமையாசிரியை. எனக்கு எதற்கு ரயில் விளையாட்டு? எல்லாம் சம்பந்திக்காக.

சம்பந்தியென்றால், என் மகள் தேன்மொழியின் மாமனார், திரு. ஆறுமுகப்பெருமாள். எதிர்வீட்டில்தான் இருக்கிறார். மனைவியை இழந்தவர், நானும் கணவரை இழந்தவள், பிள்ளைகள் இருவரும் மெல்போர்னில். சம்பந்தி ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். பணிக்காலம் முழுவதையும் நெல்லைச் சீமையின் சின்னஞ்சிறு நிலையங்களிலேயே கழித்தவர். இரண்டு தண்டவாளம், ஒரு வேப்பமரம், ஒரு மணி. அவ்வளவுதான் அவருடைய ஆட்சிப்பரப்பு. ஒரே ஒருநாள் ஒரு ஜங்ஷனை நடத்திப் பார்க்கவேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. அந்த ஆசையை அவர் என்னிடம் சொல்லவில்லை. சொல்லமாட்டார். மெல்போர்னிலிருந்து தேன்மொழிதான் சொன்னாள்.

"அம்மா, மாமாவுக்கு அந்த ஒரு ரூமைக் குடும்மா. சும்மாத்தானே கெடக்கு."

"சும்மா கிடக்கவில்லை. அதில் என் புத்தகங்கள் கிடக்கின்றன."

"ஏழு வருஷமா கட்டுப் பிரிக்காமக் கெடக்கும்மா."

மாப்பிள்ளையின் தகப்பனார் ஒன்றை விரும்புகிறார் என்று தெரிந்த பிறகு பெண்ணைப் பெற்றவள் மறுக்க இயலாது. அதுபோலவே, பெண்வீட்டிலிருந்து வந்த எதையும் மாப்பிள்ளையின் தகப்பனார் குறைசொல்ல இயலாது; குறைசொன்னால் அது சம்பந்திச் சண்டை. ஆகவே எங்களிருவருக்கும் இடையில் ஆறு ஆண்டுகளாக ஒரு குறையும் சொல்லப்பட்டதில்லை. தீபாவளிதோறும் வேட்டியும் நாற்பதாம் அளவுச் சட்டையும் அனுப்புகிறேன். "கச்சிதமா இருக்கு, சம்பந்தியம்மா" என்பார். நான் செய்த குழம்பைப் பற்றிக் கேட்டால், "பிரமாதம்" என்பார். அன்று குழம்பில் உப்பே போட்டிருக்கவில்லை. அந்த அளவுக்குப் பண்பாளர்.

அறையைக் கொடுத்தேன், ஆனால் நிபந்தனையோடு கொடுத்தேன். நிபந்தனையில்லாமல் நான் எவருக்கும் எதையும் கொடுத்ததில்லை. வெள்ளைத்தாளில் எழுதிக் கதவில் ஒட்டினேன். ஆடியில் தொடங்கலாம். தை இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை தேர்வு. அன்று மாலை நான்கு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையே, அவரே எழுதிய கால அட்டவணைப்படி இருபத்திரண்டு வண்டிகள் ஓடவேண்டும். எந்த வண்டியின்மேலும் மனித விரல் படக்கூடாது. மேலேயிருந்து ஒரு கை இறங்கி வண்டியைத் தூக்கி வைக்குமானால் அதற்குப் பெயர் ரயில்வே அன்று. ஒரு வண்டி தவறினாலும், ஒரு விரல் பட்டாலும், மறுநாள் நண்பகலுக்குள் அறை காலியாகவேண்டும். நடுவர் நான்.

படித்துப் பார்த்துவிட்டு, "பிரமாதம், சம்பந்தியம்மா" என்றார். அந்த அறை போனால் ஜங்ஷன் போயிற்று. எதிர்வீட்டில் அவருக்கு இருப்பதோ கட்டிலும் நாற்காலியும் போட்டால் நிரம்பிவிடும் ஒற்றை அறை.

இப்போது வடிவமைப்புக்கு வருகிறேன், கவனியுங்கள். இப்படியொரு ரயில்வே அமைப்பவர்கள் எல்லாரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். வண்டி எங்கெங்கே போகவேண்டும் என்று மட்டும் எண்ணுகிறார்கள்; மனிதர் எங்கே நிற்கவேண்டும் என்று எண்ணுவதேயில்லை. சம்பந்தி முதலில் கொண்டுவந்த வரைபடத்தில் சுவரோடு சுவராக அறை முழுக்க மேசை.

"இயக்கம்தான் முக்கியம், சம்பந்தியம்மா. ஏழு லைன். கூட்ஸ் யார்டு. எஞ்சின் திரும்ப ஒரு வட்டம்."

"நீங்கள் எங்கே நிற்பீர்கள்?"

யோசித்தார். "அது... கதவுல நின்னுக்கிடுதேன்."

"அந்த மூலையில் ஒரு பெட்டி தடம் புரண்டால்?"

"புரளாது."

"சகாயமேரி துணி உலர்த்த எப்படிப் போவாள்?"

அந்த அறையைக் கடந்துதான் பால்கனிக்குப் போகவேண்டும். துணி உலர்த்தும் கொடி அங்கேதான் இருக்கிறது. சகாயமேரி இந்த வீட்டில் பதினான்கு ஆண்டுகளாக வேலைசெய்கிறாள். அவள் வாயிற்படியில் நின்று எங்கள் மாநாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் வேணும்னா ரயிலேறிப் போறேன் டீச்சரம்மா. டிக்கெட் மட்டும் ஐயாவ எடுத்துத் தரச் சொல்லுங்க" என்றாள். அவளுக்கு எப்போதும் பேச்சு அதிகம்.

ஆகவே நான் விதிகளை எழுதினேன். என் கையை நீட்டி அளந்தேன்: தோளைச் சாய்க்காமல், புடவை மேசையில் படாமல், சரியாக இரண்டடி எட்டுகிறது. எனவே முதல் விதி: மனிதர் நிற்கக்கூடிய இடத்திலிருந்து இரண்டடிக்கு அப்பால் தண்டவாளம் கிடையாது. இரண்டாம் விதி: கதவிலிருந்து பால்கனிவரை ஒரு நடைவழி. இடப்பக்கச் சுவரோடு இரண்டடிப் பலகை, அதில் கிளைப்பாதை. வலப்பக்கம் பெரிய மேசை, அதில் ஜங்ஷன். இரண்டையும் இணைக்கப் பால்கனியோரத்தில் நடைவழிக்குக் குறுக்கே ஒரு பாலம். சகாயமேரி போகும்போது தூக்கிக்கொள்ளலாம். நான் அளக்காமல் எதையும் பேசுவதில்லை, தம்பி.

வலப்பக்க மேசை அகலமானது, கைக்கு எட்டாது. அதற்கு ஒரு வழி உண்டு. நடுவில் இருபது அங்குலச் சதுரத்தில் ஒரு துளை வெட்டுவது. ஏதேனும் ஆகிவிட்டால் ஒருவர் மேசைக்கடியில் தவழ்ந்துபோய் அந்தத் துளையில் எழுந்து நிற்பது. பண்பட்ட மனிதர் யாரும் மேசைக்கு நடுவில் முளைக்கமாட்டார். ஆனால் என் விதிக்கு நானே கட்டுப்பட வேண்டுமல்லவா? அவசரத்துக்கு மட்டும் என்று எழுதி அனுமதித்தேன். துளைக்கு மூடியாகத் தெர்மோகோலில் ஒரு மலைக்கோட்டையைச் செய்து வைத்தார் சம்பந்தி. உச்சியில் கோயில், படிக்கட்டு, எல்லாம் இருந்தது. திருச்சியில் இருந்துகொண்டு வேறு எந்த மலையை வைப்பது?

எஞ்சியிருந்த தகராறு நடைவழியின் அகலம்தான். நான் இரண்டடி என்றேன். அவர் இரண்டு நாள் காப்பி குடிக்க வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, "இரண்டடி விட்டா நாலு லைன்தான் வரும், சம்பந்தியம்மா. நாலு லைன் ஜங்ஷனும் ஒரு ஜங்ஷன்தான். பிரமாதமா இருக்கும்" என்றார். முகமோ வாடிக் கிடந்தது. சரி, ஒன்பது அங்குலம் குறைத்தால் ஏழு லைனும் வந்துவிடும். குறைக்கலாமா? உணர்ச்சிவசப்பட்டு அல்ல, கணக்குப் போட்டுத்தான் முடிவெடுத்தேன். சம்பந்தியின் சட்டை அளவு நாற்பது. அது மார்பளவு என்பது எனக்குத் தெரியும். ஒழுங்கான மனிதருக்கு இடுப்பு மார்பை மீறாது. மனிதரை ஒரு வட்டமாகக் கொள்வோம். நாற்பதை இருபத்திரண்டின் கீழ் ஏழால் வகுத்தால் விட்டம் பன்னிரண்டே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. இருபுறமும் ஓரங்குலம் தாராளம். பதினைந்து அங்குலம். போதும்.

வரைபடத்தை அவர்முன் விரித்தேன். பதினைந்து என்ற எண்ணின்மேல் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு தம் வயிற்றைத் தடவிக்கொண்டார், சாப்பிட்டு வந்திருப்பார்போலும். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க இந்த வழியாச் சுலபமாப் போய்வந்திருவீங்கள்லா?" என்று கேட்டார்.

"எனக்கு அங்கே என்ன வேலை? நான் நடுவர்."

"அது சரிதான்" என்றார். "பிரமாதம்."

அவர் பார்த்துக்கொண்டே இருந்தது கணக்கின் நேர்த்தியைத்தான் என்று எடுத்துக்கொண்டேன். ரயில்வேக்காரர்களுக்கு வடிவியல் தெரியாது, தெரிந்தவர்களை மதிப்பார்கள்.

ஆறு மாதம் வேலை நடந்தது. வலப்பக்க மேசையைத் தம் அறையில் கட்டிலை நிமிர்த்தி வைத்துவிட்டு மூன்று துண்டாகச் செய்து, கடைசி வாரத்தில் தச்சரைக் கொண்டு பொருத்தினார். மேசையடி வேலைக்கு மின்பணியாளர் ஒருவர் வந்துபோனார். அடியில் என்ன செய்தார் என்று நான் குனிந்து பார்க்கவில்லை. நான் குனிவதில்லை. ஜங்ஷனுக்கு 'அரசிநல்லூர்' என்று பெயர்ப்பலகை எழுதி வைத்திருந்தார். என் பெயர் மங்கையர்க்கரசி என்பதால் சகாயமேரி ஏதோ கேலி பேசினாள். நெல்லைப் பக்கத்தில் அப்படியோர் ஊர் இருக்கும் என்று சொல்லி அவளை அடக்கினேன்.

தை இரண்டாம் ஞாயிறு. கூடத்தில், கதவருகில் நாற்காலி போட்டு, கையில் அடிக்கோலும் கடிகாரமுமாக உட்கார்ந்தேன். சம்பந்தி வெள்ளைச் சீருடையைச் சலவைசெய்து போட்டுக்கொண்டு, பொத்தான் மட்டும் பூட்டாமல் நின்றார். கழுத்தில் ஊதல். கையில் வண்டிகளைச் செலுத்தும் கருவி. நான்கு மணிக்கு முதல் பாசஞ்சர் புறப்பட்டது.

தம்பி, நான் மிகைப்படுத்துகிறவள் அல்லள். ஆனால் ஒழுங்கு என்றால் என்ன என்பதை அன்று பார்த்தேன். நான்கு ஏழுக்கு எக்ஸ்பிரஸ் மூன்றாம் லைனில். நான்கு பன்னிரண்டுக்கு பாசஞ்சர் லூப்பில், அதாவது பக்கத்தடத்தில், ஒதுங்குகிறது, எக்ஸ்பிரஸ் கடக்கிறது. நான்கு இருபதுக்கு கூட்ஸ் பின்னோக்கி வந்து யார்டில் ஆறு பெட்டியைக் கழற்றிவிட்டுப் போகிறது. ஏழு லைனிலும் வண்டிகள் வருவதும் போவதுமாக, ஒரு பாயிண்ட்கூடத் தப்பாமல்! "மூணு, லைன் கிளியர்!" என்று அவர் வழிவிட்டுக் கூவினால் சிக்னல் விழுகிறது. ஒன்பதாவது வண்டிக்குள் நான் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டேன்; நாற்காலி வழுக்கும் நாற்காலி. பதினான்காவது வண்டி பாலத்தைக் கடந்தபோது யாரோ கைதட்டியதாகச் சகாயமேரி பின்னால் சொன்னாள். அங்கே நானும் அவருமே இருந்தோம். அவர் கையில் கருவி இருந்தது. சகாயமேரிக்குக் கற்பனை அதிகம்.

ஐந்தரைக்குள் இருபத்தொரு வண்டிகள் முடிந்தன. மிஞ்சியது ஒன்றே: இருபத்திரண்டாம் எண் கூட்ஸ். ஐந்து ஐம்பத்தைந்துக்கு அரசிநல்லூர் ஏழாம் லைனில் வந்து நிற்கவேண்டும். அந்த நேரம் பார்த்து சகாயமேரி துணியெடுக்கப் பாலத்தைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனாள். போனவள் பாலத்தை இறக்கினாளே தவிர, கொக்கியை மாட்டவில்லை. மாட்டினால்தான் பாலத்துக்கு மின்சாரம். இன்று நடைவழியில் நின்று நீங்கள் பார்க்கவேண்டிய வேலை அதுதான், தம்பி.

"உள்ளே ஒரு ஆள் நின்னா நல்லாருக்கும், சம்பந்தியம்மா..." என்று இழுத்தார்.

"நடுவர் களத்தில் இறங்குவதில்லை" என்றேன்.

பெருமூச்சு விட்டார். பிறகு ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு, நண்டுபோலப் பக்கவாட்டில், பதினைந்து அங்குல நடைவழிக்குள் நுழைந்தார். போய்விட்டார். பாலம்வரை போய்விட்டார். கொக்கியை மாட்டினார். கூட்ஸைப் பாலத்தின்மேல் ஓட்டி, பின்சுவரோரமாக ஜங்ஷன் வாசல்வரை கொண்டுவந்து நிறுத்தினார். "லைன் கிளி..." என்று வாயைத் திறந்தார். பிடித்துவைத்திருந்த மூச்சு முழுவதும் போயிற்று.

தம்பி, அந்த ஓசையை நான் மறக்கமாட்டேன். இருபுறத்துப் பலகையும் ஒரே சமயத்தில் 'க்ர்ர்ர்' என்றன. அவர் வயிறு விரிந்து, முன்னும் பின்னும் மேசை விளிம்புகளில் போய் உட்கார்ந்துகொண்டது. மேசை ஒரு குலுக்குக் குலுங்கியது. கூட்ஸின் கடைசிப் பெட்டி பின்சுவரோரத்தில் தடம் புரண்டு சாய்ந்தது. கையிலிருந்த கருவி கீழே விழுந்து, மேசையடியில் உருண்டோடிவிட்டது. மணி ஐந்து நாற்பத்தெட்டு.

"வெளியே வாருங்கள்" என்றேன்.

"வர்றதுக்குத்தான் பாக்குதேன்."

"மூச்சை இழுங்கள்."

"இழுத்தா சிரிப்பு வருது, சம்பந்தியம்மா."

வந்தது. அவர் சிரிக்கச் சிரிக்க மேசை குலுங்கியது. பால்கனியிலிருந்து சகாயமேரி துணிக்கூடையும் கையுமாக வந்து நின்றாள். பாலத்தில் வண்டியில்லை, ஆனால் அதற்கப்பால் சம்பந்தி இருந்தார்.

"ஐயா, நகருங்க. எனக்கு ஆறு மணி பஸ்ஸு போயிரும்."

"நானும் அதத்தாம்மா விரும்புதேன்."

"டீச்சரம்மா, நீங்க அந்தப் பக்கமிருந்து கையப் புடிச்சு இழுங்களேன்!"

பெண்வீட்டம்மாள் சம்பந்தியைக் கைப்பிடித்து இழுப்பதா! பிள்ளைகளின் திருமணத்தன்றுகூடக் கைகூப்பிக்கொண்டோமே தவிர விரல் நுனி பட்டதில்லை. "நீ தள்ளு" என்றேன். அவள் துணிக்கூடையை அவர் விலாவில் வைத்துத் தள்ளினாள். "ஏ தாயி, கிச்சுக்கிச்சு மூட்டாதே!" என்று அவர் அலறினார். மேசை மறுபடியும் ஆடியது.

நான் எழுந்து நின்றேன். "இது நடக்கவே முடியாது" என்றேன். "நாற்பது அங்குல மனிதர் பதினைந்து அங்குல வழியில் மாட்டிக்கொள்ள வடிவியலில் இடமில்லை."

"யாருக்கு நாப்பது?" என்றாள் சகாயமேரி, பாலத்துக்கு அப்பாலிருந்து. "நீங்க வருசாவருசம் குடுக்குற அந்தச் சட்டையையா சொல்றீங்க? அத எல்லாம் எங்க வீட்டு ஆளுல்ல போட்டுக்கிட்டுத் திரியுது! ஐயாவுக்கு நாப்பத்தெட்டு!"

நாற்பத்தெட்டு. மனத்துக்குள் வகுத்தேன், பதினைந்தேகால் அங்குலத்தைத் தாண்டியது. ஆறு தீபாவளி. ஆறு 'கச்சிதம்'. அவள் கணவர் நல்ல நல்ல சட்டையாக அணிகிறார் என்று நானே ஒருமுறை பாராட்டியிருக்கிறேன்.

சம்பந்தி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். "நீங்க அனுப்பினத எப்படிச் சின்னதுன்னு சொல்லுவேன், சம்பந்தியம்மா?" பிறகு முகம் மாறி, "என்னைய விடுங்க. நான் எங்கயும் போகப்போறதில்ல. இருபத்திரண்டு ஜங்ஷன் வாசல்ல, ஹோம் சிக்னல்ல நிக்கு. மணி என்ன?"

ஐந்து ஐம்பது. ஐந்து நிமிடம். வண்டி வராவிட்டால் மறுநாள் நண்பகலுக்குள் அத்தனையும் கலைக்கப்படவேண்டும். கதவில் என் கையெழுத்து. அவர் கேட்கமாட்டார். கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். கேட்காமல் அந்தச் சாய்ந்த பெட்டியையே, கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாணவி தேர்வில் நன்றாக எழுதிக்கொண்டிருக்கும்போது கேள்வித்தாளில் அச்சுப்பிழை இருந்தால், அதற்கு அவளைத் தோல்வியடையச் செய்வது முறையாகாது. நடைவழிக் கணக்கு கேள்வித்தாளைச் சேர்ந்தது. இது நீதி சம்பந்தப்பட்டது, வேறொன்றுமில்லை.

முந்தானையை இடுப்பில் செருகினேன். அடிக்கோலைப் பல்லில் கவ்வினேன். மேசைக்கடியில் நுழைந்தேன்.

எழுபத்தொரு வயது. முழுக்கை ரவிக்கை, கஞ்சிபோட்ட புடவை. நான்கு கால்களில் ஆறடித் தொலைவு. "டீச்சரம்மா எங்க?" என்றாள் சகாயமேரி. "கீழே போயிட்டாங்க," என்றார் சம்பந்தி, ஏதோ கடவுளைக் கண்டவரைப்போன்ற குரலில். மேலே கம்பிகள் தலையில் உரசின. மூடியை முதுகால் நெம்பி எழுந்து நின்றேன். மூடியைக் கழற்றி வைக்க இடமில்லை. அது என் தலையிலேயே தங்கிவிட்டது. அரசிநல்லூர் ஜங்ஷனின் நடுவில், மலைக்கோட்டையைத் தலையில் சூடிக்கொண்டு நான் முளைத்தேன்.

சகாயமேரி துணிக்கூடையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "உச்சிப்பிள்ளையாரே!" என்று அவள் கத்தியது கீழ்வீடுவரை கேட்டிருக்கிறது. சம்பந்தி சிரித்தார்; மேசைமேல் இருந்த ஏழு லைனும் அதிர்ந்தன. நான் சிரித்ததாக இருவரும் இன்றுவரை சாதிக்கிறார்கள். மேசையடியில் தூசி அதிகம். எனக்கு இருமல் வந்தது. கண்ணில் நீர் வரும்வரை, விலா வலிக்கும்வரை இருமினேன்.

விரல் படக்கூடாது என்பது விதி. அடிக்கோல் விரல் அன்று. அதன் முனையால் சக்கரத்தை நெம்பி, மெல்ல, மிக மெல்லத் தண்டவாளத்தில் இறக்கினேன். 'டிக்' என்று உட்கார்ந்தது. ஐந்து ஐம்பத்துமூன்று. ஆனால் வண்டியை எதைக் கொண்டு ஓட்டுவது? கருவி எங்கேயோ உருண்டு கிடக்கிறது. அப்போதுதான் குனிந்து பார்த்தேன். நான் நின்ற துளைக்குள்ளேயே ஒரு கட்டுப்பாட்டுப் பலகை பொருத்தப்பட்டிருந்தது. ஏழு லைனுக்கும் ஏழு விசை. ஒவ்வொன்றின் கீழும் மூக்குக்கண்ணாடி இல்லாமலேயே படிக்கும்படி பெரிய எழுத்தில் பெயர். பக்கத்தில் ஒரு குட்டி மின்விசிறி. உட்கார ஒரு முக்காலி.

பாருங்கள் தம்பி, எவ்வளவு பெரிய வடிவமைப்புப் பிழை! நாற்பத்தெட்டு அங்குல மனிதர் மேசைக்கடியில் ஆறடி தவழ்ந்து வரவே முடியாது. அங்கே போய் ஒரு பலகை! அதுவும் அவர் உயரத்துக்கு எட்டாத தாழ்வில், சரியாக ஐந்தடி மனிதருக்கு அமைந்த உயரத்தில். இதை அவரிடமே சுட்டிக்காட்டினேன். "ஆமா, சம்பந்தியம்மா, கவனிக்காமப் போயிட்டேன்" என்று ஒப்புக்கொண்டார். நல்ல மனிதர்தாம், அளவு மட்டும் தெரியாது.

"ஏழாம் நம்பர் விசை," என்றார். "மெதுவா. அவசரமே இல்ல."

"அவசரம் இருக்கிறது. இரண்டு நிமிடம் இருக்கிறது."

"ஜங்ஷன்ல அவசரம் கிடையாது, சம்பந்தியம்மா. லைன் கிளியர் கேளுங்க. தாரேன்."

முப்பத்தோராண்டில் நான் எவரிடமும் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. "லைன் கிளியர்?" என்றேன்.

"லைன் கிளியர்!"

விசையைத் திருகினேன். எஞ்சின் சிலிர்த்தது. பதினோரு பெட்டி, ஒன்றன்பின் ஒன்றாக, கடைசியில் அந்தப் புரண்டு எழுந்த பெட்டி, மலைக்கோட்டையடியில் என் வயிற்றோரமாக வளைந்து, பாயிண்ட்டைத் தாண்டி, ஏழாம் லைனில் நுழைந்தன. என் உள்ளங்கை வியர்த்திருந்தது. அது மின்விசிறி போடாததால். கடைசிப் பெட்டி பிளாட்பார விளிம்பைத் தொட்டபோது ஐந்து ஐம்பத்தைந்து. ஒரு நொடி முன்னுமில்லை, பின்னுமில்லை.

சம்பந்தி ஊதலை வாயில் வைத்தார். ஊதினார். உள்ளே இருந்த காற்று முழுவதும் தீரும்வரை ஊதினார். ஊத ஊத வயிறு ஒட்டியது. சகாயமேரி துள்ளி எழுந்து துணிக்கூடையால் ஒரே தள்ளாகத் தள்ளினாள். ஊதல் ஓய்ந்தபோது அவர் கூடத்தில், நடுவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் என் புடவைகளை அவர் மடியில் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

மெல்ல எழுந்து வாயிற்படிக்கு வந்தார். சீருடையை இழுத்துவிட்டுக்கொண்டார். முதன்முறையாகப் பொத்தான்களைப் பூட்டப் பார்த்தார், முடியவில்லை, கைகூப்பிக்கொண்டு நின்றார். தீர்ப்புக்காக நிற்கிறார் என்று எனக்குப் புரிவதற்குச் சற்று நேரமாயிற்று. நான் இன்னும் துளைக்குள்தான் நின்றிருந்தேன், இறங்கவேண்டுமென்று தோன்றவில்லை. ஏழு லைனிலும் ஏழு வண்டி.

"அணுகும் வசதி: சுழியம்," என்று தலையில் மலையோடு அறிவித்தேன். "நடத்துபவரே மாட்டிக்கொள்ளும் நடைவழி இது. திருத்துவதானால் மூன்று லைனை வெட்டவேண்டும்."

"வெட்டிருவோம், சம்பந்தியம்மா," என்றார் உடனே.

"நான் இன்னும் முடிக்கவில்லை. இயக்கம்: நூறு. இரண்டுக்கும் சராசரி ஐம்பது. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து போதும். லைனை எவரும் தொடக்கூடாது. இனி நீங்கள் வாயிற்படியில் நின்று லைன் கிளியர் கொடுங்கள். இந்த நடைவழிக்கும் இந்தத் துளைக்கும் பொருத்தமான உடலமைப்பு இந்த வீட்டில் ஒருவருக்குத்தான் இருக்கிறது. விருப்பத்தினால் அல்ல, வேறு வழியில்லை."

அவர் தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு மிகப் பணிவாக, "அப்ப நாளைக்கும் நாலு மணிக்குத்தானே, சம்பந்தியம்மா?" என்று கேட்டார்.

"மூன்றரைக்கு," என்றேன்.